தீப்பெட்டி ஆபீசில் லினக்ஸ்

கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு சித்திரையில் அப்படியொரு ஆபீசில் கணக்கு வேலை பார்த்தேன். என் அறைக்கும், பெண்கள் பெட்டியில் குச்சி அடைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவரும் கதவில்லாத வாசலும்தான். வேறொரு ஆபீசில் பற்றிய தீயில் என் சித்திக்கு இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. தீய்ந்த வாடை எங்கே அடித்தாலும் எனக்கு முதலில் அந்தக் கைகள்தான் கண்ணுக்கு வரும்.

கணக்கு அறைக் கம்ப்யூட்டர் வைரஸ் வந்து படுத்துவிட்டது. திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா மகன், விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் அந்தத் தொல்லை இருக்காது என்று முதலாளியிடம் சம்மதம் வாங்கினான். அதில் இரண்டு வகை உண்டாம். ஒன்று, எல்லாம் தயாராகி சிடியில் பொட்டலமாக வருவது, சீக்கிரம் ஏற்றிவிடலாம். இன்னொன்றில் மூல நிரல், அதாவது ஆட்கள் எழுதிய கட்டளை வரிகள், மட்டும்தான் வரும். ஒவ்வொரு மென்பொருளையும் அந்தக் கம்ப்யூட்டரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய மெஷினுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்று அண்ணன் இரண்டாவதைத்தான் தொடங்கிவைத்தான். முடிய நாட்கணக்கில் ஆகும், அணைத்துவிடாதே என்று சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் பஸ் ஏறினான்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் நிற்காமல் ஓடின. நடுநடுவே 'வார்னிங்' என்று ஆங்கிலத்தில் வரும். ஒன்றிரண்டு இல்லை, சரம்சரமாக. அண்ணனின் ஹாஸ்டலுக்கு போன் போட்டேன்.

"வார்னிங்னா ஒண்ணுமில்லட்டி. எரர்னு நின்னாத்தான் யோசிக்கணும். அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றான்.

ஓடியது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுட்டது. வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடக்கிற வெயில், உள்ளே இது. சாயங்காலம் அதை ஓடவிட்டுப் பூட்டிவிட்டுப் போனால் வீட்டில் சோறு இறங்காது. காலையில் தெருமுனை திரும்பியதும் ஆபீஸ் ஓடு தெரிகிறதா, புகை தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

அப்படி ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், கம்ப்யூட்டருக்குள் இரைந்துகொண்டிருந்த ஃபேன் சத்தம் நின்றுபோனது. திரையில் எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ரப்பர் தீய்கிற வாடை.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் தீ மருந்தில் முக்கியெடுத்த குச்சி குவியல் குவியலாகக் கிடந்தது. கத்தினால் அலறியடித்து எழுவார்கள், குச்சி மிதிபட்டுப் பற்றிக்கொள்ளும். வாசல் வரை போய் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, குச்சிய அப்படியே வச்சிட்டு எல்லாரும் வெளிய போங்க. ஓடாதீங்க."

என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டார்கள். சுவிட்சில் பொறி தெறித்தாலும் தெறிக்கும் என்று, கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

முற்றத்தில் கூட்டத்தைப் பார்த்து முதலாளி வந்தார். "என்ன தாயி, எல்லாரும் ஏன் வெளிய நிக்காவ?"

"கம்ப்யூட்டர் தீஞ்ச வாடை அடிக்குது அண்ணாச்சி."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ முதலில் கூடத்துக்குள் போய்க் குச்சிகளைப் பார்த்தார். ஆள்விட்டு கம்ப்யூட்டரை வேப்பமரத்தடிக்குத் தூக்கிவரச் சொன்னார். திறந்தால் ஃபேன் முழுக்கத் தீப்பெட்டி லேபிள் காகிதத் தூசி. பக்கத்து ஒயரின் மேல்தோல் உருகிக் கறுத்திருந்தது. நெருப்பு பிடித்திருக்கவில்லை. குச்சி அடைக்கும் அக்கா ஒருத்தி என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மறுநாள் வந்த அண்ணன் அந்த ஒயரை விரலால் தடவிப் பார்த்தான். புது ஃபேனும் ஒயரும் வாங்கிப் போட்டான். முதலாளி கம்ப்யூட்டரைத் தன் வீட்டு முன்னறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். அங்கே வைத்து, பொட்டலமாக வரும் லினக்ஸையே அண்ணன் ஏற்றினான். டீ வாங்கி வருவதற்குள் பாதி முடிந்திருந்தது. யாரோ, எங்கேயோ, தன் மெஷினில் அந்தச் சூட்டையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் இதை உருவாக்கி அனுப்பியிருக்க வேண்டும். அவர் பக்கத்தில் குச்சி இல்லாமல் இருந்திருந்தால் சரி.

அண்ணன் இன்றும் தன் கம்ப்யூட்டரில் மூல நிரல் வகையைத்தான் வைத்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் போனால் அந்த அறைப் பக்கம் நான் உட்காருவதில்லை.