அண்ணன் அனுப்பிய கேசட்

முந்தாநாள் காலை புத்தூரிலிருந்து போன் வந்தது. அண்ணனின் மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்யும் முருகேசன். "தணிகாசலம் அண்ணன் பூட்டாருப்பா" என்றான். பழுது பார்த்துக்கொண்டிருந்த வண்டியின் மேலேயே சாய்ந்து உயிர் போய்விட்டதாம். என் கூடப்பிறந்தவர். அவரிடம் வண்டி கொண்டுவந்த உங்களுக்கெல்லாம் அவர் காதைத் தெரியும். "வண்டி பொய் சொல்லாதுடா, டிரைவருங்கதான் சொல்லுவானுங்க" என்று திட்டிக்கொண்டே கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் குவைத்தில் மெக்கானிக்காக இருந்தபோது, பிச்சாட்டூர் வீட்டில் நானும் எங்கள் அப்பா நைனாவும் மட்டும். அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய டீசல் காரைத் திருப்பதிக்கு வாடகைக்கு ஓட்டினேன். ஒருநாள் இன்ஜின் உதறி, வெள்ளைப் புகை கக்கி, வாசலிலேயே படுத்துவிட்டது. இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார்கள். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, வந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். நான் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தையே பதிவு செய்து அனுப்பினேன்.

பதில் கேசட் வந்தது. "இன்ஜின இறக்காதடா மடையா. ஓடவுட்டுக்கினே டீசல் பைப்புங்கள ஒண்ணொண்ணா லூஸ் பண்ணு. எத லூஸ் பண்ணா சத்தம் மாறலியோ, அங்கதான் கோளாறு." மூன்றாவது பைப்பில் சத்தம் மாறவில்லை. அதில் டீசல் பீய்ச்சும் நாசிலை மாற்றியதும் வண்டி ஜம்மென்று கிளம்பியது. இன்ஜின் பேச்சு முடிந்ததுமே டேப்பை அணைத்திருந்தேன். மிச்சம் நலம் விசாரிப்புதானே என்ற நினைப்பு.

இரண்டு மாதம் கழித்து, திருமலை அடிவாரத்து அலிபிரியில், மலைக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தபோது, பொழுது போகாமல் அதே கேசட்டைக் காரில் போட்டேன். இன்ஜின் விஷயம் முடிந்ததும் அண்ணன் குரல் இறங்கியது. "வண்டி சத்தத்துக்குப் பின்னால நைனா இருமிக்கினே கீறாருடா. அது நல்ல இருமல் இல்ல. மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. வண்டி கெடக்குது."

ஐயோ, தினமும் பக்கத்தில் இருந்த எனக்கு அது கேட்கவே இல்லையே! அன்றே கூட்டிப்போனேன். முன்பே வந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டர். நைனா அந்த மாதம் தாண்டவில்லை.

அண்ணனுக்கு லீவு கிடைத்து வருவதற்குள் காரியமும் முடிந்திருந்தது. "நான் ஒரு போனு போட்டிருந்தா நைனா பொழைச்சிருப்பாரு. போயும் போயும் கேசட்ல சொன்னேனேடா, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கேசட்டைப் பாதியில் அணைத்ததை நான் மறைத்துவிட்டேன். அதன் பிறகு ஊரோடு வந்து ஷெட் போட்ட இத்தனை வருடமும், அங்கே யார் இருமினாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இதையே சொல்லிப் புலம்புவார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் நின்று நானும் கேட்டிருக்கிறேன்.

அண்ணா, நீ நேரத்துக்குத்தான் சொன்னாய். நான்தான் கேட்காமல் அணைத்தேன். ஷெட்டை யார் வேண்டுமானாலும் நடத்தட்டும். நீ சுமந்துகொண்டு திரிந்த அந்தப் பழியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.