இடது பின் டயர்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நம்பர்’ என்றால்தான் தெரியும். எங்கே வண்டி நின்றாலும் டார்ச்சோடு குனிந்து, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நாலு இலக்கத்தைப் படிப்பார். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ஒருமுறை டாக்டர் காருக்கு அடியில் தலையை விட்டு, காவலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மானத்தை வாங்குகிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

எங்களுக்குச் சலவைத் தொழில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை எடுத்து வந்து, துவைத்து, தேய்த்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வேன், வயது இருபத்திரண்டு. முன்பு அதை ஓட்டியது இவருடைய தம்பி, என் கொழுந்தன். காலையில் வாசலில் நின்று இடது பின் டயரை இரண்டு உதை உதைப்பான். தொப், தொப். அப்புறம்தான் ஏறி உட்காருவான்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அந்த வேனுக்கு டயர் வாங்கியவர் இவர்தான். நீடித்து உழைக்கிற டயராக வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசிக் கடையின் பரணில், ஓடாத டயர்கள் நாலு கிடைத்தன. டயரின் வரிப்பள்ளத்தில் நாணயத்தைச் செருகிப் பார்த்தார், பாதி முழுகியது. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. “பத்து வருஷத்துக்குக் கவலையில்ல” என்று தம்பியின் தோளைத் தட்டினார். ஓடாவிட்டாலும் வயதானால் ரப்பர் செத்துப்போகும். அவை பரணிலேயே ஒன்பது வருஷம் காய்ந்து கிடந்தவை. அது அந்த நாலு இலக்கத்தில் தெளிவாக இருந்தது, பாவி மனுஷன் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம், பட்டப்பகலில், இடது பின் டயர் வெடித்தது. கொழுந்தன் வீடு திரும்பவில்லை.

வேனைச் சரிசெய்து, வேறு டயர் போட்டு, இவரே ஓட்டினார். ஆனால் தினமும் விடிகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “கேட்டியா?” என்பார். வாசலில் தொப், தொப் என்று கேட்கிறதாம். உங்களுக்குக் காதில் கோளாறு என்று திட்டிவிட்டுப் புரண்டு படுப்பேன். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருஷம் இவருக்கு முழங்கால் போய்விட்டது. நான் ஓட்டுகிறேன் என்று கொழுந்தன் மகளே முன்வந்தாள். பெரியப்பா என்றால் அவளுக்கு உயிர். டயரை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று மூவரும் கடைக்குப் போனோம். ஓரத்தில் கிடந்த டயர்களை அவள் தடவிப் பார்த்து, கொஞ்சமும் ஓடாதது, எவ்வளவு தடிப்பு, இதையே எடுப்போம் என்றாள். இவர் டார்ச் அடித்துப் பார்த்தார். எட்டு வருஷச் சரக்கு. டார்ச் கீழே விழுந்தது. உண்மையைச் சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

“உங்கப்பாவுக்கு இந்த மாதிரிதாம்மா எடுத்துக் குடுத்தேன். தடிப்பைப் பாத்தேன், நம்பரைப் பாக்கல.”

போன மாதம் செய்த டயர்கள் நாலையும் மாட்டி முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கடைப் பையன் கொண்டுவந்து விட்ட வேன் மூன்று நாள் வாசலிலேயே நின்றது. அவள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார். ஆறு வருஷம் மூடியிருந்த வாயை இப்போது யார் திறக்கச் சொன்னது என்று கத்தினேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இருந்த ஒரு பிள்ளையும் கைவிட்டுப் போய்விட்டதே.

நாலாம் நாள் விடியும்போது வாசலில் சத்தம். தொப், தொப்.

“கேட்டியா?” என்றார்.

நான் வெளியே ஓடினேன். அவளேதான். முன் டயர் பக்கம் குனிந்து செல்போன் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“சாவி குடுங்க பெரியம்மா. நாலு டயர்லயும் நம்பர் பாத்துக்கறேன். பெரியப்பாவையும் கிளம்பச் சொல்லுங்க, பக்கத்துல உக்காந்து வழி சொல்லட்டும்.”

“அப்பா மாதிரியே டயரை உதைக்கறியேடி” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் எங்க உதைச்சேன்? பின்பக்கம் இன்னும் போகவே இல்லையே.”

சாவி எடுக்க உள்ளே வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் கேட்டுச்சுங்க” என்றேன்.