கைகள் வரையாத படம்

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் விராலிமலை பஸ்ஸுக்கு நின்றபோது ஆவூரிலிருந்து போன். ஓவிய ஆசிரியர் அருளப்பனின் தங்கை மகள் ஸ்டெல்லா பேசினாள். "மாமா காலையில எறந்துட்டாங்க டீச்சர். சாயங்காலம் அடக்கம்." ஆவூர் பஸ்ஸைத் தேடி ஓடினேன்.

எங்களோடு பள்ளியில் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய பழைய படங்கள் தெரியும். போட்டோமேல் கட்டம் போட்டு, மீசையில் ஒரு முடி தப்பாமல் வரைவார். இறந்தவர்கள் படத்துக்கு ஊரே அவரிடம்தான் வரும். ஐம்பது வயதில் அதை ஒரேயடியாக நிறுத்தினார். என் கணவர் போனபோது போட்டோவை நீட்டினேன். கையால்கூடத் தொடவில்லை. "முன்னால உக்காந்தாத்தான் டீச்சர் எனக்கு ஆளைத் தெரியும்." இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன்.

அதன்பின் எதிரில் இருப்பதை மட்டுமே வரைந்தார். முதலில் கத்திரிக்காய், தண்ணீர்க்குடம். பிறகு ஆட்கள். கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. மீசைக்கு இரண்டே இழுப்புதான், ஆனால் ஆள் யாரென்று வாசலிலிருந்தே சொல்லிவிடலாம். "முடிய எண்ணி முப்பது வருசம் வீணாப் போச்சு" என்று சிரிப்பார்.

போன வருடம் என்னை வரைய அவரே கூப்பிட்டார். ஆறு சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். நாற்காலி இடம் மாறாமலிருக்க, அதன் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருப்பார். ஆறாவது சனிக்கிழமை, வரைந்து முடித்த முகத்தைக் காட்டினார். பிள்ளைகள் வெளிநாடு போன வீட்டில், யாரும் பார்க்காதபோது எனக்கு இருக்கிற முகம். "இப்படி அநாதையாவா இருக்கேன்?" என்று கத்திவிட்டேன்.

"இருக்கிறதத்தான் போட்டேன். எனக்கும் அதே மூஞ்சிதான் டீச்சர்" என்றார், கல்யாணமே செய்துகொள்ளாத அந்த மனிதர். "கை மட்டும் பாக்கி. அடுத்த சனிக்கெழமை வாங்க."

வாரேன் என்றேன். போகவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அடக்கம் முடிந்து ஸ்டெல்லா அவர் அறையைத் திறந்தாள். நாற்காலி அதே இடத்தில் இருந்தது. சாக்பீஸ் கோடு புதிதாக இருந்தது.

"கூட்டினா அழிஞ்சு போகும்ல. சனிக்கெழமை காலையில கூட்டிட்டு மறுபடி போடுவாங்க. டீச்சர் வருவாங்கம்பாங்க" என்றாள்.

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

படம் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மடியில் கைகள் வர வேண்டிய இடத்தில் வெறும் கேன்வாஸ். வேறு யாரையாவது வைத்து முடிக்கலாமே என்கிறார்கள். மாட்டேன். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த முகமும் அந்த வெற்றிடமும்தான்.

அந்த மூஞ்சி நான்தான், அருளப்பன் சார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.