திருடனுக்கு நான் தேடிக் கொடுத்த முகம்

திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் நான் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த காலம். நாலாம் வகுப்புக்கான கதைப் புத்தகம் மெஷினில் ஏற வேண்டிய நாளன்று பார்த்தால், திருடன் படத்தை அச்சடிக்கும் பிளாக், அதாவது படம் செதுக்கிய அச்சுக்கட்டை, இல்லை.

முதலாளி அவசரத்தில் பறந்தார். "மதுரையில செஞ்சு வாரதுக்குள்ள பள்ளிக்கூடம் தெறந்துரும்ப்பா. இருக்கிறதுல ஒண்ணப் போடு."

பழைய பிளாக் பெட்டியைக் கிளறினேன். தோல் பதனிடும் 'தோல் ஷாப்' ஒன்றின் விளம்பரத்துக்குச் செய்த பிளாக் கிடைத்தது. சட்டையில்லாத கறுத்த ஆள், தோளில் ஆட்டுத்தோல் கட்டு. சின்ன உளியால் தோளிலிருந்த தோலை மட்டும் செதுக்கி நீக்கினேன். திருடன் தயார். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

எங்கள் பைண்டிங்கில் தாள் மடிக்கிற ராக்கம்மாவின் கணவர் தோல் ஷாப்பில் சுமை தூக்குகிறவர். பள்ளி திறந்து பத்து நாள் இருக்கும். ராக்கம்மா அந்தப் பக்கத்தை விரித்தபடி என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, இது தோல் சுமக்கிற ஆளுதான? அந்த வெளம்பரத்த நாந்தான மடிச்சேன்."

"படந்தானம்மா. இதுல என்ன இருக்கு?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே. நாலாப்பு படிக்கிற எம்மகள, படம் அவ அப்பன் மாதிரியே இருக்குன்னு 'திருடன் மக'ங்குறாங்களாம். பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுகுறா."

ப்ரூஃப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் தாள் மடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வருடம் அதே புத்தகம் மறு அச்சுக்கு வந்தது. படத்தை மாற்ற முதலாளியிடம் அனுமதி கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை ஜவுளிக்கடை விளம்பரத்து ஆளை எடுத்தேன். வெளுத்த முகம், வாரிய தலை, தோளில் அங்கவஸ்திரம். என் அப்பாவின் சாயல். அவரைத் திருடன் கதைக்குப் பக்கத்தில் வைக்கக் கை வரவில்லை. 'சே, இவரா திருடன்?' என்றது மனசு. தோல் சுமந்தவருக்காக அது ஒரு தடவைகூட அப்படிக் கேட்கவில்லை. அன்றுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. கூசிப்போனேன்.

படமே வேண்டாமென்று எடுத்துவிட்டு, ராக்கம்மாவிடம் ஓடினேன்.

"அந்தப் படத்தத் தூக்கிட்டேம்மா. இனிமே மகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு."

மடித்துக்கொண்டிருந்த தாளிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"அவ தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போயி எட்டு மாசமாச்சுண்ணே."

பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் தேடுகிறவர்களே, கெட்டவனுக்கு எந்த முகம் சட்டென்று கைக்கு வருகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான் நிற்கவில்லை. படிப்பை இழந்தது அந்தப் பெண்.