கூடுதல் பதினெட்டு கிலோ

இது நடந்தது. கதை கட்டிச் சொல்வதாக இருந்தால் எனக்கும் வழி தெரியும். அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று ஆரம்பித்திருப்பேன். இதில் அந்தச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. 1961-ஆம் வருஷம், பட்டப்பகலில், திண்டுக்கல் வெங்காய மண்டியில், மூட்டை நிறுக்கிற தராசின் மேல் நடந்தது. தராசு பொய் சொல்லும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சுருளிவேல் பழனி ரோட்டில் இருதயநாதன் என்பவரின் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டர். ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிது. அதற்கு முந்தின வருஷம் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போயிருந்தான். அங்கே ஒரு சிவப்புச் சீமைக் காரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் சொந்தக்காரர், வெள்ளைக் கால்சட்டை போட்ட பெங்களூர்க்காரர், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னான்.

"திண்டுக்கல்லா? பூட்டுக்காரங்க ஊராச்சே. போய்ப் பூட்டு செய்யுங்கப்பா" என்று தோளில் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஊர் வந்து சேரும்வரை சுருளிவேல் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் காலை நேராக முதலாளியிடம் போனான்.

"ரேஸ் கார் ஒண்ணு கட்டப் போறேன் மொதலாளி. பின்னால சும்மா கெடக்குற கொட்டகையைக் குடுங்க."

இருதயநாதன் நல்ல மனுஷர்தான், ஆனால் கறார். "ஒரே ஒரு தடவை போயிட்டு வாப்பா. அந்தச் செகப்புக் காரை முந்திட்டா கொட்டகை உனக்கு. தோத்துட்டு வந்தியோ, வண்டியை அறுத்துப் பஸ்ஸுக்குத் தகரமாப் போட்டுருவேன். அப்புறம் கார்ங்கிற பேச்சே உன் வாயில வரக்கூடாது."

"வராது" என்றான் சுருளிவேல். அன்றிலிருந்து அவனுக்கு அந்த வண்டிதான் உயிர்.

கொடைக்கானல் மலைப்பாதையில் உருண்டுபோன கார் ஒன்றின் எஞ்சின், பழைய இரும்புக்கடை பொம்மையனிடம் கிடந்தது. உருண்ட வண்டியாச்சே, உயிர் போயிருக்குமே என்று பட்டறையில் முணுமுணுத்தார்கள். யார் செத்தது என்று பொம்மையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுருளிவேல் கேட்கவில்லை. கேட்டால் பயந்ததாக ஆகிவிடுமாம்.

சின்ன எஞ்சின்தான். சீமைக் காருக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் சுருளிவேலின் கணக்கு வேறு. எஞ்சினைப் பெரிதாக்க வழியில்லை என்றால் வண்டியை இளைக்க வைக்க வேண்டும். மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் கட்டினான். பஸ்ஸுக்குப் போடுகிற அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைத்து, காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி மூக்கைத் தாழ்த்தி மூடினான். வலது பக்கம் அவனுக்கு மட்டும் ஒரு சீட். இடது பக்கத்தைத் தகடு போட்டு அடைத்துவிட்டான். பலம் கெடாத இடத்திலெல்லாம் ஓட்டை போட்டான். பிரேக் மிதி இடியாப்பத் தட்டு மாதிரி இருந்தது. பெயிண்டும் எடைதான் என்று அடிக்கவில்லை. மனைவி கண்ணம்மாள் முன்னால் கட்டச் சொல்லி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். அதையும் திருப்பி அனுப்பினான்.

வண்டி பறந்தது. ஆனால் தாடிக்கொம்பு ரோட்டு வளைவுகளில் வால் பக்கம் வழுக்கியது. பின்சக்கரங்களின் மேல் பாரம் போதவில்லை. ஒரு மணல் மூட்டையைப் பின்னால் வைத்தால் தீர்ந்தது. பாடுபட்டுக் குறைத்த எடையைத் திரும்ப ஏற்றுவதாவது! எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று நிறுத்துப் பார்த்து, இருக்கிற எடையையே பின்னால் தள்ளலாம் என்று நினைத்தான். மண்டியில் எடை போடுகிற முனீர் அவனுக்குச் சின்ன வயதுச் சிநேகிதன்.

ஏலம் முடிந்து வியாபாரிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். மணி பன்னிரண்டு இருபது. மேடைத் தராசில் ஒரு சக்கரம், மற்ற மூன்றுக்கும் அதே உயரத்தில் பலகை. இப்படி ஒவ்வொரு சக்கரமாக நிறுத்து முனீர் சுவரில் கரியால் கூட்டினான். வெறும் வண்டி நானூற்றுப் பத்து கிலோ. சுருளிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஓட்டுகிற ஆளோடு சேர்த்து நிறுக்க ஏறி உட்கார்ந்தான். வாலிபத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நிறுத்ததைக் கிலோவாக்கினால் அவன் ஐம்பத்திரண்டு. ஆக, நானூற்று அறுபத்திரண்டு வர வேண்டும்.

நானூற்று எண்பது வந்தது.

"மாப்ளே, பொண்டாட்டி சமையல் ஒடம்புல ஒட்டுது போல" என்று முனீர் சிரித்தான்.

சுருளிவேல் சட்டையைத் தூக்கி விலா எலும்பைக் காட்டினான். "தராசைப் பாருடா."

படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. மறுபடி நிறுத்தார்கள். அதே நானூற்று எண்பது. கூடுதல் பாரம் சுருளிவேல் உட்கார்ந்த வலது பக்கத்தில் இல்லை. இடது சக்கரங்களில் இருந்தது. தகடு போட்டு அடைத்த பக்கத்தில். முனீர் சிரிப்பை நிறுத்தினான்.

சுருளிவேல் இறங்கினான். பதினெட்டு கிலோவும் இறங்கியது.

ஏறினான்.

டங்...

தராசுத் தண்டு மேலே போய் இடித்தது.

"பதினெட்டு கிலோ..." முனீரின் குரல் உள்ளே போய்விட்டது. "எங்க அக்கா மக ஆரிபா அம்புட்டுத்தான் இருப்பா. அஞ்சு வயசு."

"வாயை மூடுறா. நீ ஏறி உக்காரு, நான் பாக்குறேன்."

"நானா? வெட்டிப் போட்டாலும் அதுல ஏற மாட்டேன்."

விஷயம் பட்டறைக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் எஞ்சின் மேல்தான் சந்தேகம். உருண்ட காரில் செத்த ஆவி, யாராவது ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருகிறது என்றார்கள். இருதயநாதன் பங்குச் சாமியாரை அழைத்துத் தீர்த்தம் தெளிக்கலாம் என்றார். சுருளிவேலின் பங்காளிகள், அய்யலூர்ச் சந்தையில் கிடா பிடித்துக் கருப்புக்கு வெட்டச் சொன்னார்கள். முனீர் தர்காவிலிருந்து ஒரு தாயத்தே வாங்கி வந்துவிட்டான்.

சுருளிவேல் தாயத்தைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். "இது எம்புட்டு எடை இருக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

பயமே இல்லையா என்றால், இருந்தது. தாடிக்கொம்பு ரோட்டில் தனியாக ஓட்டும்போது இடது பக்கத் தகட்டில் ஒரு சத்தம் கேட்கும். டப்... டப்... உள்ளங்கையால் தட்டுவது போல. எஞ்சினை அணைத்தாலும் கேட்கும். இவன் திரும்பிப் பார்த்தால் நிற்கும். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. ஒரு போல்ட்டைக்கூட யோசித்து யோசித்துப் போட்ட வண்டி. அதில் யாரோ ஓசியில் பதினெட்டு கிலோவை ஏற்றிவிட்டு ஜம்மென்று வருகிறார்கள்!

மறுவாரம் மறுபடி வண்டியை மண்டிக்குத் தள்ளிக்கொண்டு போனான். அன்றும் உச்சி வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. இடது பின்சக்கரத்தைத் தராசில் ஏற்றிவிட்டு சீட்டில் உட்கார்ந்தான்.

"குண்டை நகர்த்தி, தண்டை நேரா நிறுத்துடா" என்றான்.

முனீர் வண்டியைத் தொடாமல் குண்டை நகர்த்தி நிறுத்தினான். தண்டு அந்தரத்தில் அசையாமல் நின்றது.

சுருளிவேல் இடது பக்கம் திரும்பினான். வெறும் தகடு. வெயிலில் கண் கூசியது.

"ஏலே, நீ யாரா வேணா இருந்துட்டுப் போ" என்று அதட்டினான். "என் வண்டியில சும்மா வர முடியாது. ஏறினா வேலை பாக்கணும். பின்னால பாரம் பத்தல. எந்திரிச்சுப் பின்னால போய் உக்காரு."

காற்று இல்லை. எங்கோ ஒரு காக்கை கத்தியது. நின்றது.

வண்டி லேசாக அசைந்தது.

ஒரு தடவை.

இன்னொரு தடவை...

யாரோ சின்னக் காலை எடுத்து வைத்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு, தத்தித் தத்திப் பின்னால் போவது போல.

முனீர் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மெல்ல எழுந்தது. மெல்ல... மெல்ல...

டங்.

"மாப்ளே" என்றான் முனீர். "சொன்னதைக் கேக்குதுடா."

அதற்குப் பிறகு வளைவில் வால் வழுக்கவில்லை. பின்சக்கரங்கள் தார் ரோட்டை அப்படியே கவ்விக்கொண்டன. டப் டப் சத்தம் மட்டும் இடம் மாறியிருந்தது. இப்போது அவன் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

சோழவரம். பழைய விமானத் தளம். பெயிண்ட் இல்லாத அந்த வண்டியைப் பார்த்து, எந்த ஊர் அண்டா என்று ஒருவன் கேட்டான். திண்டுக்கல் என்று சுருளிவேல் சத்தமாகவே சொன்னான். கொடி இறங்கியது. நேர் ஓட்டத்தில் சிவப்புக் கார் முந்தும், வளைவில் இவன் முந்துவான். கடைசிச் சுற்றில் இவன் முன்னால் இருந்தான். நேர் ஓட்டம் வந்தது. சிவப்புக் கார் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் எஞ்சின் சத்தம் காதை அடைத்தது. இந்நேரம் அது தாண்டிப் போயிருக்க வேண்டும்.

"கெட்டியாப் பிடிச்சுக்க!" என்று கத்தினான் சுருளிவேல். யாரிடம் கத்தினோம் என்று அவனுக்கே பிறகுதான் உறைத்தது.

சிவப்புக் கார் தாண்டவில்லை. திடீரென்று பின்தங்கியது. கோட்டைத் தாண்டியவன் திண்டுக்கல்காரன்.

பெங்களூர்க்காரர் இறங்கி வேகமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அறிவிருக்கா உனக்கு? பிள்ளையை வச்சுக்கிட்டா ரேஸ் ஓட்டுவே? விழுந்திருந்தா என் சக்கரத்துலதானே வந்திருக்கும்? அதனாலதான் காலை எடுத்தேன்."

"எந்தப் பிள்ளை?"

"பின்னாலே உட்கார்ந்து என்னையே பார்த்துக் கையாட்டிக்கிட்டு வந்துச்சே. ரெட்டைச் சடை போட்டு..."

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பின்னால் ஒரு பூனை உட்காரக்கூட இடமில்லை. சிரித்துவிட்டுப் போனார்கள். சுருளிவேல் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு வண்டிப் பக்கம் குனிந்தான்.

"ஜெயிச்சாச்சு. ஒன் வேலை முடிஞ்சுபோச்சு. எறங்கிக்க" என்றான்.

ஊருக்கு வந்ததும் மண்டிக்குப் போனான். "போயிருச்சுடா. இப்பவாவது உக்காரு" என்று முனீரை ஏற்றி உட்காரவைத்துத் தானே நிறுத்தான். முனீர் அறுபது கிலோ. வண்டியோடு சேர்த்து நானூற்று எழுபது. ஒரு கிராம் கூடவில்லை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தெம்பில்தான் பொம்மையனின் இரும்புக்கடைக்குப் போனான். இப்போது கேட்டால் பயந்ததாக ஆகாது அல்லவா?

"அந்தக் கார்ல செத்துப்போன பொம்பளைப் பிள்ளை யாரு வீட்டுது?"

பொம்மையன் விழித்தார். "செத்தாங்களா? யாரு சொன்னா? வண்டியை நிப்பாட்டிட்டுச் செத்த நேரம் டீ குடிக்க எறங்கியிருக்காங்க. அது தானா உருண்டுருச்சு. உள்ள ஒரு ஈ காக்கா இல்லப்பு."

சுருளிவேல் வீட்டுக்கு வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்தான். தராசு முதல் ரெட்டைச் சடை வரை எல்லாவற்றையும் அன்றுதான் கண்ணம்மாளிடம் சொன்னான். வெஞ்சனம் வைக்க எடுத்த கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"எறக்கி விட்டுட்டீங்களா?" என்றாள்.

"ஆமா. நிறுத்தும் பாத்தாச்சு."

"உங்களை வச்சா நிறுத்தீங்க?"

"முனீரை வச்சு."

அவள் மூச்சு விட்டாள். அது நிம்மதியில் விட்ட மூச்சு.

"நேத்து ராத்திரியும் இருந்துச்சுங்க."

"எது?"

"நீங்க நார்க்கட்டில்ல படுக்குறீங்க. நான் கீழ பாயில. மல்லாந்தா கட்டிலோட அடிப்பக்கம் தெரியும். நீங்க படுத்த எடம் பள்ளமாத் தொங்கும். பக்கத்துல இன்னொரு பள்ளம் தொங்கும்... சின்னதா."

சுருளிவேல் தட்டை ஒதுக்கி வைத்தான்.

"எப்ப இருந்து?"

"நான் வாக்கப்பட்டு வந்த மறு வருஷத்துல இருந்து. அப்பக் கைக்குழந்தை அளவுதான் இருந்துச்சு. வருஷா வருஷம் பெரிசாகுது."

அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. பிறந்து இறந்ததும் இல்லை, வயிற்றில் தங்கிக் கலைந்ததும் இல்லை. அது எஞ்சினோடு வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே சுருளிவேலோடுதான் இருந்தது. அவன் ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது. முனீரை உட்காரவைத்ததால்தான் தராசு சரியாகக் காட்டியது.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

கண்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னா, எடைன்னு எறக்கி விட்டுருவீங்க."

மறுவாரம் கொட்டகை அவன் பெயருக்கு ஆனது. அடுத்த வண்டியைத் தரையில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்தான். பார்க்க வந்த முனீர் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டான்.

"இங்க எதுக்குடா இன்னொரு சீட்டு? எடை கூடுமே."

"கூடட்டும்."

"எம்புட்டு கூடும்?"

சுருளிவேல் நிமிரவில்லை. அந்தச் சின்னச் சீட்டுக்கு ஒரு கைப்பிடி வரைந்துகொண்டே சொன்னான்:

"இப்பப் பதினெட்டு. அடுத்த ரேஸுக்கு இருபதுன்னு போட்டுக்க. பிள்ளை வளரும்ல."