தூக்கும்போது பாடுகிற பாட்டு

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அந்தப் பாட்டைச் சும்மா முணுமுணுத்தால்கூட முதுகில் ஒன்று விழும். "யாரை வாரிக் குடுக்கணும்னு பாடற?" என்று அம்மா கரண்டியோடு வருவாள். சாவு வீட்டில் பெட்டியைத் தூக்கும்போது மட்டும்தான் அதைப் பாடுவோம். பாடி முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது.

காலரா வந்த காலத்தில் எங்கள் சர்ச் உபதேசியார் ஒருவர் கட்டிய பாட்டு என்று அப்பா சொல்லுவார். அவர் பெற்ற பிள்ளை காலராவில் செத்தபோது தூக்க ஒருத்தனும் வாசல்படி ஏறவில்லையாம். அவரே தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே போனாராம். அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்ததாம். தூக்க வராத அந்தப் பயல்களின் வம்சம்தான் நாங்கள் எல்லாரும். அதனால் தெருவில் எந்தச் சண்டை இருந்தாலும் அந்தப் பாட்டுக்கு ஆள் வந்துவிடும்.

பாட்டுப் புத்தகம் அச்சடித்த புண்ணியவான்கள் அதைப் 'பயணம்' என்ற தலைப்பில் போட்டுத் தொலைத்தார்கள். பட்டணத்துச் சபைகளில் புதுக் கார் வாங்கினாலும் அதைப் பாடுகிறார்கள். வெட்கங்கெட்ட ஜனம்.

அப்பா கொரோனாவில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்கு. கவச உடுப்பு மாட்டிய நாலு பேர் இறக்கினார்கள். நாங்கள் தூரத்தில் நின்றோம். பாட்டு இல்லை. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன்.

போன வருஷம் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சென்னை. சாயங்கால வரவேற்பு மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட்டில், புல்தரையில். கல்யாண மண்டபமெல்லாம் அவர்கள் கௌரவத்துக்கு ஆகாதாம். மணமக்கள் மேடைக்கு நடந்து வரும் நேரம், ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு.

எங்கள் தெரு ஜனம் அத்தனையும் சடாரென்று எழுந்தது. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் நாற்காலியில் சாய்ந்தபடி கை தட்டினார்கள். சவுண்டுக்காரனிடம் ஓடினேன்.

"யோவ், இன்னா பாட்டு போட்டுகினு கீற? நிறுத்துய்யா!"

"பொண்ணுதான் அண்ணாத்த போடச் சொன்னாங்க."

தங்கை பூ வளைவுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். நேரே போய் நின்றேன். "உனக்கு அறிவு இருக்குதா? அம்மாவைப் பாரு! கல்யாணத்துல போடற பாட்டா இது?"

அவள் அசரவே இல்லை. "அப்பாவைத் தூக்கறப்போ யாருண்ணா பாடனாங்க? அவருக்கோசரம் நம்ம ஜனம் மொத்தமும் எழுந்து நிக்கறது இன்னிக்குத்தான். உன்கிட்ட முன்னாடியே சொன்னா வுட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். இப்போதும் அவள் செய்தது தப்பு என்றுதான் சொல்வேன். அதற்குள் எங்கள் ஜனம் பாட ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தபடி என்னிடம் வந்தார். "என்ன தம்பி, உங்க ஆளுங்க எல்லாரும் நின்னுக்கிட்டு அழறாங்க?"

"எங்கப்பாவை இப்பத்தான் தூக்கறோம்," என்றேன். "உங்க ஆளுங்களையும் எழுந்து நிக்கச் சொல்லுங்க."