கலாதேவி பார்த்த கழித்தல் குறி

கலாதேவிக்குக் கேள்வி கேட்பது ஒரு வியாதி. ரைஸ் குக்கர் எப்படித் தானாக அணைகிறது என்று பார்க்க, கல்யாணமான புதிதிலேயே அதைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டாளாம். அன்றைக்குப் புருஷனுக்குக் கடைச் சாப்பாடு.

சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் வெல்டிங் படித்துச் சான்றிதழ் வாங்கினாள். இப்போது செம்பனை ஆலைகளில் எண்ணெய்த் தொட்டிகளைப் பழுதுபார்க்கும் எங்கள் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். நான் பத்துமலை, அந்தக் கூட்டத்தின் லாரி ஓட்டுநர். ஈப்போவிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு சிலிம் ரிவர் போய்ச் சேர்வதற்குள், பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிடும்.

சான்றிதழ் இருந்து என்ன? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. எங்களை வேலை வாங்கும் மண்டோர் தர்மேந்திரன் அவளைத் தொட்டிக்குள் விடமாட்டார். "பொம்பளப் புள்ள, நீ வெளியில நில்லு" என்பார். உள்ளே இறங்கியவரைக் கவனித்துக்கொண்டு தொட்டி வாசலில் நிற்பதுதான் அவள் வேலை. எனக்கு எரிச்சலாக வரும். சொன்னால், "நீ லாரிய ஓட்டு" என்பார்.

இந்த வருஷம் கம்பெனி எல்லோருக்கும் ஒரு புது மெஷின் கொடுத்தது. உள்ளங்கை அளவு. சட்டையில் மாட்டிக்கொண்டால் கெட்ட காற்றை மோப்பம் பிடித்துக் கத்தும். உள்ளே இருப்பவரின் மெஷின் காட்டும் கணக்கு, வெளியே நிற்பவரின் போனிலும் தெரியும். போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எல்லா மெஷினும் சேர்ந்து அலறும். வெளியே வா என்று அர்த்தம்.

"மூக்கே இல்லாம எப்படிண்ணே மோப்பம் பிடிக்குது?" என்று கேட்டாள் கலா. எனக்கென்ன தெரியும்!

முதன்முதலாக அதைச் சிலிம் ரிவர் பக்கம் ஓர் ஆலைக்குக் கொண்டுபோனோம். புதுச் சாமானைப் பூசை போடாமல் தொடலாமா? தர்மேந்திரன் மெஷின்களை லாரி முன்னால் வரிசையாக வைத்தார். குங்குமப் பொட்டு இட்டார். கரி கனன்ற தட்டில் சாம்பிராணி போட்டு, முனியாண்டி சாமியைக் கும்பிட்டார். புது லாரியைச் சாமி முன்னால் ஸ்டார்ட் பண்ணுவதுபோல, அந்தப் புகைக்குள்ளேயே எல்லா மெஷினையும் ஆன் பண்ணினார். எங்களுக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

தரைமட்டத்துக்குக் கீழே இருந்த தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வாசலை ஒட்டி பெட்ரோல் பம்பை வைத்து இறைக்க விட்டோம். தர்மேந்திரன் உள்ளே இறங்கினார். கலா கையிலிருந்த போனில் பச்சை, ஆபத்தில்லை. பம்புப் புகை மூஞ்சியில் அடித்ததால், கலா வாசலைப் பார்த்தபடியே நான் நின்ற பக்கம், காற்று வரும் திசைக்கு நகர்ந்து வந்தாள். தன் மெஷினைத் தற்செயலாகப் பார்த்தாள்.

"பத்துமலை அண்ணே, ஒண்ணுமே இல்லங்கிறதுக்கும் கீழ கெட்ட காத்து இருக்குமா?"

காட்டினாள். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

"மெஷின் புதுசுலா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் விடுகிற ஆளா? "ஹுத்தான் மெலிந்தாங் மார்க்கெட்டுல என் மாமியார் மீன் விக்கிறாங்கல்ல? வெறுந்தட்டுலயே தராசு முள்ளு பின்னால நின்னா, மீன வச்சதும் எட கொறச்சுத்தானே காட்டும்?"

"அதுக்கென்னா?"

"சாம்பிராணிப் புகையிலதானே இத ஆன் பண்ணோம்? அந்தப் புகையத்தான் இது சுத்தமான காத்துன்னு எடுத்துக்கிச்சோ என்னவோ. அப்படின்னா உள்ள இருக்கிற கணக்கும்..."

முடிக்கவில்லை. வாசலுக்கு ஓடிக் குனிந்து, "அண்ணே, மேல வாங்க!" என்று கத்தினாள்.

"ஏன்? பச்சையாத்தானே இருக்கு?" உள்ளிருந்து குரல் வந்தது. "சும்மா இரு தங்கச்சி, எனக்கே தல வலிக்குது."

கலா பொத்தானை அழுத்திவிட்டாள்.

மெஷின்கள் அலறின. ஆலையாட்கள் ஓடி வந்தார்கள். தர்மேந்திரன் திட்டிக்கொண்டே ஏணியில் ஏறினார். கடைசிப் படியில் கால் துவண்டது. நானும் கலாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போட்டோம். புல்லில் கவிழ்ந்து வாந்தி எடுத்தார்.

பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, கலா ஒரு மெஷினை ஆலை கேட்டுக்கு வெளியே வெட்டவெளிக்கு எடுத்துப்போய் அணைத்து மறுபடி ஆன் பண்ணினாள். கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். பாதிக் கயிறு போவதற்குள் அது கத்த ஆரம்பித்தது. பம்பு கக்கிய புகை உள்ளே நிறைந்திருந்தது. தர்மேந்திரன் தரையில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிளினிக், ஓய்வு எல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று நேராகக் கலாவிடம் வந்தார்.

"இனிமே நீ வெளியில நின்னாத்தான் நான் உள்ள எறங்குவேன்."

நானாக இருந்தால் மகிழ்ந்து போயிருப்பேன். கலா அவரையே பார்த்தாள். "அப்போ நான் எப்பண்ணே உள்ள எறங்குறது?"

தர்மேந்திரன் தொட்டியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "போனக் குடு. நான் நிக்கிறேன்."

கலா சட்டென்று வெல்டிங் முகமூடியை முகத்தில் இறக்கிக்கொண்டாள். அவள் அழுவதை நாங்கள் பார்க்கக் கூடாதாம். பார்த்துவிட்டோம்.